மருந்து கேட்குமா என்று கேட்போமா?

பினாங்கு என்றால் பாக்கு. இந்தத் தீவுக்கு மலாய் மொழியில் அமைந்த பெயரே பாக்குத் தீவு. என் அத்தை அந்தப் பெயரை நாற்பது ஆண்டுக்காலம் மென்றார். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை எல்லாம் இருக்கும். வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டால் பத்து மணி வரைக்கும் பசி தெரியாது என்பார். அந்தக் கன்னத்தின் உட்புறத்தில்தான் புண் வந்தது.

புகையிலை சேர்ந்த வெற்றிலைப்பாக்கு புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-லேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும் என்று 2003-இல் கூடிய அதன் நிபுணர் குழு தீர்மானித்தது. அத்தையிடம் அதை யாரும் சொல்லவில்லை. தாம்பூலம் மங்கலம் என்றுதான் சொல்லி வளர்த்திருந்தார்கள். மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தாரைக் காட்டிலும் இந்திய வம்சாவளியினரிடம், அதிலும் நம் பெண்களிடம் அதிகம். தோட்டத்தில் நின்று உழைத்த தலைமுறையின் பெண்கள் அவர்கள்.

அறுவை முடிந்தது, கதிர்வீச்சு முடிந்தது. ஒன்றரை வருடம் கழித்துக் கழுத்தில் மறுபடி கட்டி. ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் நடைபாதையில் நாங்கள் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தோம். டாக்டர் மலாயில் சொன்னார். அத்தான் அதைத் தமிழில் அப்பாவுக்குச் சொன்னார். இம்யூனோதெரபி என்று ஒன்று இருக்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயின் மேல் ஏவிவிடும் ஊசி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு ஊசிக்கும் பல ஆயிரம் வெள்ளி.

“பணத்தைப் பத்தி யோசிக்காதீங்க டாக்டர். அக்காவுக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்க” என்றார் அப்பா. அத்தான் கையெழுத்துப் போட்டார். சேமநிதியில் எடுக்கக்கூடியதை எடுக்க அன்றைக்கே மனுக் கொடுத்தார். தண்ணீர்மலை முருகனுக்கு அடுத்த தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதாகச் சித்தி வேண்டிக்கொண்டார். நூறு பேருக்கு இந்த ஊசி போட்டால் எத்தனை பேருக்குக் கேட்கும் என்று அந்த ஆறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியும். நான் பகுத்தறிவு பேசுகிறவன். கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த நேரத்தில் கேட்டால் அத்தையின் உயிரைத் தராசில் வைத்தது போல ஆகிவிடுமே என்று விழுங்கிவிட்டேன்.

அன்று கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பதில் எல்லாரும் படிக்கும்படி அச்சில் இருந்தது. தலை, கழுத்துப் பகுதிப் புற்று திரும்பி வந்தவர்களுக்கு நிவோலுமாப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2016-இல் வெளியானது. 361 நோயாளிகள். மருந்து பெற்றவர்களில் கட்டி சுருங்கியது நூற்றுக்கு 13 பேருக்கு. ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 36. பழைய மருந்துகள் பெற்றவர்களில் அது 17. இந்த எண்கள் நம்பிக்கையையும் கொடுக்கின்றன, கூடவே எச்சரிக்கையையும் கொடுக்கின்றன. ஓராண்டைத் தாண்டியவர்கள் இரட்டிப்பானது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நூற்றில் 87 பேருக்குக் கட்டி சுருங்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். நாங்கள் முதல் பாதியைக்கூடக் கேட்டு வாங்கவில்லை. வெறும் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

இந்த மருந்து என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வருவதற்கு அது வேண்டும். நம் ரத்தத்தில் டி-செல் என்ற காவல்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வெறிபிடித்துச் சொந்த உடம்பையே தாக்கிவிடக் கூடாதென்று இயற்கை அவர்களுக்குத் தடைக்கட்டை வைத்திருக்கிறது. புற்றுச்செல் அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்துத் தப்பித்துக்கொள்கிறது. அழுத்தும் கையைத் தட்டிவிடுவதுதான் ஊசியின் வேலை. இந்தத் தடைகளைக் கண்டு, அவற்றை விலக்கிப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று காட்டியதற்காக ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹொன்ஜோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். தடையை எடுத்துவிட்டால் காவல்காரன் நோயையும் அடிப்பான், சில சமயம் தைராய்டையும் நுரையீரலையும் குடலையும் அடிப்பான். ஆகவே பலிக்காத ஊசி என்பது காசு மட்டும் போன ஊசி இல்லை. கடைசி மாதங்களில் ஒருவரை வீட்டுத் திண்ணையில் உட்கார விடாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தவும் அதற்கு முடியும்.

இவ்வளவு விலையும் இவ்வளவு ஆபத்தும் உள்ள ஒன்று யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா? கட்டியிலிருந்து சதை எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை பல ஆண்டுகளாக இருக்கிறது. கட்டியின் மரபணுவில் எத்தனை பிழைகள் என்று எண்ணும் சோதனையும் இருக்கிறது. அது விலை கூடியது, எல்லா ஊரிலும் கிடைக்காது. இப்போது கேள்வி ரத்தத்துக்கு வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங், மவுண்ட் சைனாய் மருத்துவமனைகளின் ஆய்வாளர்கள் ஸ்கார்ப்பியோ என்ற கணினி முறையை வெளியிட்டார்கள். 21 வகைப் புற்றுநோய்கள், ஏறக்குறைய பத்தாயிரம் நோயாளிகள். அவர்கள் புதிதாக எந்தச் சோதனையும் செய்யவில்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசிக்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல் சிறுநீரக அளவுகள், கூடவே வயது போன்ற சில விவரங்கள். ரத்தத்தில் வெள்ளணு வகைகள் எப்படிப் பிரிந்திருக்கின்றன, அல்புமின் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, யார் எவ்வளவு காலம் இருப்பார், யாருக்கு ஊசி பயன்தரும் என்று கணிக்க முயன்றார்கள்.

பெரியாஸ்பத்திரியில் சில வெள்ளிக்கு எடுத்துவிடக்கூடிய ரத்தச் சோதனை அது. அத்தையின் கோப்பிலும் அது இருக்கிறது.

இங்கே நம்மவர் ஒருவர் உடனே கேட்பார்: “ஜாதகம் பார்ப்பதைக் கேலி செய்தீர்களே, இது மட்டும் என்ன? ரத்த ஜாதகம்தானே?” நேர்மையான கேள்வி, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். எத்தனை முறை தவறினேன் என்று எந்த ஜோசியரும் கணக்குக் கொடுத்ததில்லை. ஸ்கார்ப்பியோ கொடுத்திருக்கிறது. குறித்த காலத்துக்குள் இறந்துபோன ஒருவரையும் உயிரோடு இருந்த ஒருவரையும் ஜோடியாக அதன் முன் வைத்தால், யாருக்கு ஆபத்து அதிகம் என்று நூற்றுக்கு ஏறத்தாழ 76 ஜோடிகளில் அது சரியாகச் சொல்கிறது. காசைச் சுண்டினாலே 50 வரும். மரபணுப் பிழைகளை எண்ணும் அந்த விலை கூடிய சோதனை இதே பரீட்சையில் 50-க்கும் 54-க்கும் இடையில்தான் நின்றது. 76 என்று அறிவிப்பவன் 24 முறை தவறுவேன் என்றும் சேர்த்தே அறிவிக்கிறான். அந்த 24-ஐ அவன் மறைத்திருந்தால் நான் அவனையும் ஜோசியர் வரிசையில்தான் வைப்பேன்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் வரும் வழியில் பினாங்குத் தெருக்களில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சீனர்களும் தமிழர்களும் குவித்து வைத்து உடைக்கும் தேங்காய்கள், சாலை முழுக்க வெள்ளை. நோய் குணமானவர் உடைக்கிறார், கடன் தீர்ந்தவர் உடைக்கிறார். அந்த நன்றியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வேண்டிக்கொண்டும் இறந்துபோனவருடைய தேங்காய் அந்தத் தெருவில் இல்லை. அவர் வீட்டார் அந்த வருடம் தீட்டென்று கோயிலுக்கே வரவில்லை. உடைந்ததை மட்டும் எண்ணினால் எல்லா வேண்டுதலும் பலித்ததாகத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக் கூடத்திலும் இதே கணக்குத்தான் நடக்கிறது. “என் மாமாவுக்கு அந்த ஊசி போட்டோம், நாலு வருஷமா நல்லா இருக்கார்” என்று சொல்ல ஒருவர் வருகிறார். போட்டும் பிழைக்காதவரின் மகன் அங்கே வந்து நின்று பேசமாட்டான். அவனுக்கு அங்கே இனி வேலையில்லை. உடையாத தேங்காயையும் சேர்த்து எண்ணுவதற்குத்தான் ஆய்வு என்று பெயர். பெரியார் 1929 டிசம்பரில் கப்பலில் வந்து இறங்கிய துறைமுகம் இது. அவரைக் கொண்டாடும் வீடுகளிலும் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டோம். சாமி இல்லை என்று சொல்வதை விடக் கடினமான பாடம் இது.

அடுத்ததைச் சொல்ல எனக்கு அதிகக் கவனம் வேண்டும், ஏனென்றால் பகுத்தறிவாளர்களே இடறுகிற இடம் இதுதான். ரத்தச் சோதனை நல்ல எண் சொன்னது, ஊசி போட்டார்கள், நோயாளி நீண்ட நாள் இருந்தார். ஊசி கேட்டது என்று அர்த்தமா? அவசியம் இல்லை. சாப்பாடு இறங்கி, அல்புமின் நன்றாக இருந்து, உடம்பில் அழற்சி குறைவாக இருக்கும் ஒருவர் எந்த மருந்து கொடுத்தாலும் மற்றவரை விட நீண்ட நாள் இருக்கக்கூடியவர்தான். வெள்ளணு விகிதத்தையும் எல்டிஹெச் என்ற நொதியையும் கொண்டு நுரையீரல் புற்றுக்காரர்களைப் பிரிக்கும் ஒரு குறியீட்டை 2018-இல் கொண்டுவந்தார்கள். இம்யூனோதெரபிக்கு வழிகாட்டும் என்று பலர் வரவேற்றார்கள். மறு ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். கீமோ வாங்கியவர்களிடமும் மாத்திரை வாங்கியவர்களிடமும் அதே குறியீடு அதே போலத்தான் பிரித்தது. யார் பலமாக இருக்கிறார் என்று அது சொன்னது. யாருக்கு இந்த மருந்து கேட்கும் என்று தனியாகச் சொல்லவில்லை.

இந்த இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும்? பலவீனமான ஒருவரிடம் “உங்கள் ரத்தம் சரியில்லை, ஊசி வீண்” என்று சொல்லிவிடுவோம். ஆனால் அந்த ஊசி இல்லாவிட்டால் அவர் இன்னும் சீக்கிரம் போய்விடக்கூடும். ஊசி அவருக்கு மூன்று மாதம் கூட்டியிருக்கக்கூடும். எண் மோசம் என்பதும் மருந்து வீண் என்பதும் ஒன்றில்லை. கிரகம் சரியில்லை என்று பெண்ணை ஒதுக்கியவர்களை எதிர்த்தவர்கள் நாம். அல்புமின் சரியில்லை என்று நோயாளியை ஒதுக்கினால் நாமும் அதையேதான் செய்கிறோம், வேறு பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு.

ரத்தத்தை வேறு விதமாகவும் கேட்கலாம். கட்டி தன் மரபணுத் துணுக்குகளை ரத்தத்தில் உதிர்க்கிறது. ஊசி தொடங்கிச் சில வாரங்கள் கழித்து அந்தத் துணுக்குகள் குறைந்தனவா கூடினவா என்று பார்த்தால், ஸ்கேன் சொல்வதற்கு முன்பே ஓரளவு தெரியும். கனடாவில் டொராண்டோ மருத்துவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையின்போது துணுக்குகள் முற்றிலும் மறைந்துபோன 12 பேரும் கண்காணித்த காலம் முழுக்க உயிரோடு இருந்தார்கள். 12 என்பது சின்ன எண், அதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. வாசலிலேயே நிறுத்தி “உனக்கு இல்லை” என்று சொல்லாமல், உள்ளே விட்டுப் பார்த்து, கேட்கவில்லையென்றால் சீக்கிரம் நிறுத்தி, நஞ்சிலிருந்தும் கடனிலிருந்தும் அவரை விடுவிப்பது.

மருந்து கேட்கும் வாய்ப்பைச் சொல்லும் எண் நம் வீடுகளில் யார் கையில் போய்ச் சேருகிறது? டாக்டர் அத்தானிடம் சொல்வார். அத்தான் அப்பாவிடம் சொல்வார். அப்பா வாசலில் வைத்தே சொல்வார்: “அக்காகிட்ட சொல்லாதீங்க, தாங்க மாட்டாங்க.” புருஷன் போன பிறகு மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர் அத்தை. மழையில் அட்டைக்கடியோடு மரம் வெட்டியவர். அவர் எதைத் தாங்கமாட்டார்? தாங்க முடியாதவர்கள் நாங்கள்தான். அந்த எண்ணை அவரிடம் சொன்னால் அவர் “போதும்” என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். சொல்லியிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். வீட்டை அடமானம் வைக்காதே என்று மகனிடம் சொல்லியிருப்பார். அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமையை நாங்கள் பாசத்தின் பெயரால் பிடுங்கிக்கொண்டோம். காசைக் கரைத்துக் காட்டினால்தான் பாசம் என்று ஊர் நம்புகிறது. எவ்வளவு செலவழித்தான் என்று சாவு வீட்டில் பேசுகிறார்கள். எவ்வளவு உண்மை சொன்னான் என்று யாரும் பேசுவதில்லை.

அந்த எண் போகக்கூடாத ஒரு கையும் உண்டு. மெடிக்கல் கார்டு விற்கும் கம்பெனி நாளைக்கு இதே ரத்தக் கணக்கை வைத்து, இந்த அளவுக்குக் கீழே இருந்தால் பணம் கொடுக்கமாட்டேன் என்று சொல்லலாம். அரசாங்கமும் பட்ஜெட்டைக் காட்டி அதையே சொல்லலாம். அப்படி யாராவது சொன்னால், நூறு ஜோடிக்கு 24 முறை தவறும் ஒரு கணக்கை வைத்து ஒரு தனி மனிதரின் கதவை மூட உனக்கு என்ன உரிமை என்று தெருவில் இறங்கிக் கேட்க வேண்டும். நோயாளி தன் முடிவை எடுக்க அந்த எண் வேண்டும். அவருக்குப் பதிலாக முடிவெடுக்க யாருக்கும் அது வேண்டாம்.

செலவுதான் சிக்கல் என்றால் செலவைக் குறைக்கும் கேள்வியையும் கேட்கலாமே. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை கேட்டது. வாய், தொண்டைப் புற்று முற்றியவர்கள் 151 பேர். நிவோலுமாபின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். அவர்கள் பாதிப் பேருக்குக் கொடுத்தது மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம், விலை குறைந்த மாத்திரைகளோடு சேர்த்து. மாத்திரை மட்டும் வாங்கியவர்களில் ஓராண்டு இருந்தவர்கள் நூற்றுக்கு 16. குறைந்த அளவு ஊசியும் சேர்ந்தவர்களில் 43. இந்த முடிவு 2022-இல் வெளிவந்தது. இந்தியாவில் இந்த ஊசி தேவைப்படுகிறவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குக் கூட அது கிட்டவில்லை என்ற நிலையிலிருந்து எழுந்த ஆய்வு அது. அந்த நோயாளிகளில் வெற்றிலைப்பாக்கும் புகையிலையும் மென்ற வாய்கள் நிறைய. என் அத்தையின் வாய் போன்ற வாய்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஸ்கார்ப்பியோ கற்றுக்கொண்டது நியூயார்க்கின் நோயாளிகளிடமிருந்து. சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் ரத்தச்சோகையும் சேர்ந்திருக்கும் நம் பெண்களின் ரத்தத்தில் அதே எண்கள் அதே அர்த்தத்தைத் தருமா என்பது இங்கே எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். எண்ணுவதற்குத் தேவையான எல்லாமே பினாங்கு ஆஸ்பத்திரிகளின் கோப்புகளில் கிடக்கிறது. ஊசிக்கு முந்தைய ரத்த அறிக்கை, ஊசி போட்ட தேதி, இறந்த தேதி. பெயரை நீக்கிவிட்டு ஒரு முதுகலை மாணவர் உட்கார்ந்து சேர்க்கலாம். தைப்பூசத்துக்கு அன்னதானப் பந்தல் போட லட்சக்கணக்கில் திரட்டுகிறது நம் சமூகம். இந்தக் கணக்குக்கு ஒரு மாணவருக்கு உதவித்தொகை கொடுக்க எத்தனை பந்தல் குறைய வேண்டும்? ஒன்று போதும்.

இதே ஊரில்தான் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டாக நமக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவருகிறது: எடையைக் கேள், விலையைக் கேள், என்ன கலந்திருக்கிறது என்று கேள். தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வாழ்ந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அதன் தலைவராக இருந்து கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். தைப்பூசத்தில் தேங்காயைக் குறைத்து உடையுங்கள் என்று சொல்லவும் அந்தச் சங்கம் தயங்கவில்லை. அந்தப் பாடத்தைக் கற்ற அப்பா சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குவார். பத்து வெள்ளி மீனுக்கு அவ்வளவு கேள்வி. பல ஆயிரம் வெள்ளி ஊசிக்கு ஒன்றுகூட இல்லை.

அத்தைக்கு ஐந்து ஊசிகள் போட்டோம். மூன்றாவது ஊசிக்குப் பிறகு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. அது நோயா மருந்தா என்று கேட்கவும் எங்களுக்குத் தெரியவில்லை. தைப்பூசம் வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். சித்தி பால்குடம் எடுக்கவில்லை. எங்கள் வீட்டுத் தேங்காயும் அந்த வருடம் உடையவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை என் தாய்மாமாவை அழைத்துக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். நுரையீரல். நேற்றிரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையெழுத்திலேயே ஒரு தாளில் எழுத வைத்தேன். நூறு பேருக்குப் போட்டால் எத்தனை பேருக்குக் கேட்கும்? போடாவிட்டால் எப்படி இருக்கும்? என் ரத்த அறிக்கை என்ன சொல்கிறது, அது எத்தனை முறை தவறும்? கேட்கவில்லை என்று எத்தனை வாரத்தில் தெரியும், எப்போது நிறுத்துவீர்கள்? எழுதி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதையெல்லாம் டாக்டர்கிட்ட நானே கேக்கலாமாடா?” என்றார். நீங்கள்தான் கேட்க வேண்டும் மாமா என்றேன். தாளை நாலாக மடித்து, அடையாள அட்டை வைத்திருக்கும் பைக்குள் வைத்துக்கொண்டார்.